மேட்டுக்கு ஒரு புள்ளி

மேட்டில் நிற்பவனுக்கு ஒரு புள்ளி கூட. பழைய போர்களை மேசையில் ஆடுவதற்கென்று அச்சான விதிப் புத்தகங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே வரியோடு மலையை முடித்துவிடும். ஃபில் பார்க்கர் குழுவினர் 1990இல் வெளியிட்ட டிபிஏ விதிகளும் அப்படித்தான். தரப்புக்குப் பன்னிரண்டு படைத்துண்டுகள். இரண்டு துண்டுகள் மோதும்போது ஆளுக்கு ஒரு பகடை உருட்டி, படையின் பலத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். சரிவில் எதிரியைவிட மேலே நின்றால் இன்னும் ஒன்று. பார்க்கச் சின்ன எண். சமபலமுள்ள இருவர் உருட்டினால் ஒருவர் மற்றவரை மிஞ்ச 36இல் 15 வாய்ப்பு. அந்த ஒரு புள்ளி சேர்ந்தால் அது 21 ஆகிவிடும். கீழே நிற்பவனின் வாய்ப்போ 15இலிருந்து 10க்கு இறங்கிவிடும். ஆட்டம் தொடங்கியதும் எல்லாரும் மேட்டை நோக்கி ஓடுவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

நாங்களும் ஓடினோம். தொண்ணூறுகளின் பிற்பகுதி, பழைய ரயில் யார்டு இருந்த இடத்தில் கேஎல் சென்ட்ரல் எழும்பிக்கொண்டிருந்த காலம். பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் ஸ்காட் பக்கம் ஒரு கடைவரிசையின் மேல்மாடி ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குக் கிடைக்கும். கீழே பாத்திரக் கடை. ஜன்னலைத் திறந்தால் கந்தசுவாமி கோயில் மணியும் ரயில் சத்தமும் மாறி மாறி வரும். நான் கிள்ளானிலிருந்து கொமுட்டரில் வருவேன். பூகோளம் நடத்தி ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், நில அளவை இலாகாவில் வேலை பார்த்த சர்வேயர் அண்ணன் ஒருவர், பூடுவிலிருந்து வரும் சீன நண்பர் ஒருவர். 15 மில்லிமீட்டர் உயர ஈயப் பொம்மைகளுக்கு மீசை வரை வர்ணம் தீட்டுவதில் சீன நண்பரை மிஞ்ச ஆளில்லை. மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். நாங்கள் நாலு பேர்தான் நிலை.

சண்டை மூண்டது மலையைப் பற்றித்தான். ஒருநாள் என் ஈட்டிப்படை மேட்டைப் பிடித்து வரிசையாக மூன்று மோதல் வென்றது. வழக்கம்போல் நான் ஒரு புள்ளியைச் சேர்த்துக்கொண்டே போனேன். சர்வேயர் அண்ணன் கையை மேசைமேல் வைத்துத் தடுத்தார்.

"எதுக்கு தம்பி இந்த ஒண்ணு?"

"மேல நிக்கிறேன்லண்ணே. விதியில இருக்கு."

"விதி இருக்கட்டும். மலை எப்படிடா அடிக்கும்? மேல நிக்கிறவனுக்கு என்ன தெரியுது, கீழ நிக்கிறவனுக்கு என்ன தெரியுது, அதைச் சொல்லு முதல்ல."

வாத்தியாருக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. விதி நீண்டால் ஆட்டம் செத்துவிடும் என்பது அவர் கட்சி. ஒரு பக்கத்துக்கு மேல் போகும் எந்த விதியையும் அவர் மதித்ததில்லை. "ஒரு புள்ளி போதும். அதுக்குள்ள எல்லாம் அடங்கியிருக்கு" என்பார். எது எல்லாம் அடங்கியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கியதுதான் எங்கள் அடுத்த சில வருடங்கள்.

முதலில் மலையைச் செய்வதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டிவி, குளிர்பெட்டி வரும் பெட்டிகளில் இருக்கும் வெள்ளைப் பாலிஸ்டிரின்தான் எங்கள் மலை. அண்ணன் பழைய ஒரு அங்குல - ஒரு மைல் வரைபடத்திலிருந்து சமஉயரக் கோடுகளை மெழுகுத்தாளில் படியெடுத்துப் பெரிதாக்கிக் கொடுப்பார். சூடேறும் நிக்ரோம் கம்பியால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தட்டு அறுத்து, வெள்ளைப் பசை தடவி அடுக்குவோம். மேலே ஆற்று மணல், அதன்மேல் பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள். ஸ்பிரே பெயிண்டை நேராக அடித்தால் பாலிஸ்டிரின் கரைந்து மலை குழி விழுந்துவிடும். தூரிகையால்தான் பூச வேண்டும். படிப்படியாக நிற்கும் இந்த மலையில் பொம்மைகள் சறுக்காமல் நிற்கும். வழவழவென்று சரிவு வைத்தால் அழகாக இருக்கும், ஈயக் குதிரைப்படை மொத்தமும் ராத்திரியில் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்திருக்கும்.

இதில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. மேசையில் ஓர் அங்குலம் தரையில் ஐம்பது மீட்டர் என்று வைத்தால் அளவு ஏறக்குறைய 2000இல் ஒன்று. அந்தக் கணக்கில் 60 மீட்டர் குன்று மேசையில் 30 மில்லிமீட்டர்தான் வரும். எங்கள் பொம்மையோ 15. அறுபது மீட்டர் உயரத்துக்குப் போகும் மலை, இரண்டு சிப்பாய்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் நின்றால் எட்டிப்பார்த்துவிடும் திட்டாகிவிடுகிறது. மேசை ஓரத்தில் குனிந்து, பொம்மையின் கண்மட்டத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு "தெரியுது, தெரியுது" என்று கத்துவதற்கெல்லாம் அர்த்தமே கிடையாது. யாருக்கு யார் தெரிவார் என்பதை முகடும் சரிவும் எங்கே இருக்கின்றன என்று கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஜான் ஹில் வடிவமைத்து 1977இல் அவலான் ஹில் நிறுவனம் வெளியிட்ட ஸ்குவாட் லீடர் இதைச் சரியாகப் பிடித்தது. அறுகோணக் கட்டங்களில் மலைக்கு மட்டங்கள் உண்டு. மேலிருந்து பார்க்கும்போது ஒரு தடைக்குப் பின்னால் எத்தனை கட்டங்கள் மறையும் என்று கணக்கு உண்டு. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 1824இல், பிரஷ்ய ராணுவத்து இளம் ரைஸ்விட்ஸ் தன் போர்ப்பயிற்சி ஆட்டத்தை மேசையில் அடுக்கும் நிலத்தட்டுகளிலிருந்து ராணுவ வரைபடத்துக்கு மாற்றியிருந்தார். சரிவு எவ்வளவு செங்குத்து என்பதைப் பொறுத்தே எந்தப் படை எப்படி ஏறலாம் என்று அதில் வரும். இவ்வளவு பழைய அறிவை ஒரு புள்ளிக்குள் சுருக்கியது பிறகு வந்தவர்களின் சோம்பல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு மலை தெரியும். செமினி பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அம்மா பால்மரம் சீவியவர். மலைக்காட்டு நிரை கிடைத்தால் வீட்டில் அன்று முகம் தொங்கிவிடும். பள்ளி விடுமுறையில் பால் எடுக்கக் கூடப் போவேன். படிப்படியாக வெட்டிய அந்தச் சரிவில் மேல்படியில் நின்றுகொண்டு அம்மாவைத் தேடினால் மரத்தலைகள்தான் தெரியும். இரண்டு படி கீழே அம்மா நிற்பார். ஆள் தெரியாது, மங்குக் கோப்பையைத் தட்டி வாளியில் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்கும். அதே சமயம் எதிர்மலையில் கால் மைலுக்கு அப்பால் நடப்பவர்கள் சட்டை நிறத்தோடு தெரிவார்கள். மேலே நிற்பவனுக்குத் தூரம் தெரியும், காலடி தெரியாது. காண்டாவில் இரண்டு வாளிப் பாலைத் தொங்கவிட்டு ஏறி வருபவர்களிடம் மேலே சாலையில் நிற்கும் கிராணி ஏதாவது கேட்பார். வந்தவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள். மரியாதைக் குறைவு இல்லை, பேச்சு வராது. வாளியை இறக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் குரல் எழும்பும். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு குழந்தைகூட அவர்களைத் தள்ளிவிட்டிருக்க முடியும்.

டிபிஏயின் ஒரு புள்ளிக்குள் உண்மையிலேயே அடங்கியிருப்பது இந்த மூச்சுத்தான். ஈட்டியும் கேடயமும் மோதிய காலத்தில் மேலிருந்து தள்ளுபவனுக்கு உடல் எடை கைகொடுக்கும். கீழே இருப்பவன் இளைத்துப் போயிருப்பான். 1066இல் ஹேஸ்டிங்ஸ் மேட்டில் ஹரால்டின் கோடரிப்படை பகல் முழுதும் நார்மன் குதிரைகளைத் தாங்கியதற்கு இது ஒரு காரணம். ஆனால் ஏறி வந்தவன் நின்று மூச்சு வாங்கிவிட்டால் அந்தப் புள்ளி எங்கே போக வேண்டும்? புத்தகத்தில் அது போகவே போகாது. மேலே நிற்பவன் நாள் முழுதும் அதை வாங்கிக்கொண்டே இருப்பான்.

துப்பாக்கி வந்த பிறகு கணக்கு இன்னும் மாறுகிறது. பீரங்கியின் இரும்புக் குண்டு சமதரையில் தட்டித் தட்டித் துள்ளிக்கொண்டு போகும். ஒரு குண்டு வரிசை வரிசையாக ஆள்களைச் சாய்ப்பது அப்படித்தான். அதே குண்டை உயரமான மலையிலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் மண்ணில் புதைந்து நின்றுவிடும். அதோடு பீரங்கிக் குழாயை ஓரளவுக்கு மேல் தாழ்த்தவும் முடியாது. அதனால் அந்தக் காலப் பீரங்கிக்காரர்கள் தேடியது தாழ்ந்த, நீண்ட சரிவை. துப்பாக்கிக்காரன் கதையும் இதுதான்: சரிவில் கீழ்நோக்கிச் சுடுபவன் பதற்றத்தில் தலைக்கு மேலே சுடுவான். 1780இல் அமெரிக்காவின் கிங்ஸ் மௌண்டனில் மேட்டில் இருந்த அரசுத் தரப்பு இப்படித்தான் சுட்டுச் சுட்டுத் தோற்றது. மரத்துக்கு மரம் மறைந்து மேலேறி வந்தவர்கள் வென்றார்கள். வெலிங்டன் இன்னும் ஒரு படி மேலே போய், முகட்டின்மேல் படையை நிறுத்துவதையே தவிர்த்தார். வாட்டர்லூவில் அவருடைய காலாட்படையில் பெரும்பகுதி முகட்டுக்குப் பின்சரிவில் படுத்துக் கிடந்தது. எதிரியின் பீரங்கிக்கு அவர்கள் தெரியவில்லை. நம் விதிப்படி அவர்களுக்கு என்ன புள்ளி? மேலே ஏறி முகட்டுக்கு வந்த பிரெஞ்சுக்காரனுக்குத்தான் ஒன்று கூடும்!

"கம்பாரை ஆடிப் பார்ப்போம்" என்றவர் வாத்தியார். தன் ஒரு புள்ளி அங்கே வேலை செய்யும் என்று நம்பினார்.

நம் நாட்டில் மலைமேடு ஒன்றை வைத்து நடந்த முறையான போர் என்றால் கம்பார்தான். 1941 டிசம்பர் 8இல் இறங்கிய ஜப்பானியர் ஜித்ராவில் 11ஆவது இந்திய டிவிஷனைச் சிதறடித்துவிட்டுத் தெற்கே வந்துகொண்டிருந்தார்கள். அந்த டிவிஷன் பேராக்கில் கம்பாருக்கு வந்து காலூன்றி நின்றது. கிழக்கே ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்துக்கு எழும்பும் குனோங் பூஜாங் மலாக்கா, முழுக்கக் காடு. அதன் அடிவாரத்தில் சாலையை நோக்கி நீளும் தாழ்ந்த முகடுகளுக்குப் படைக்காரர்கள் வைத்த பெயர்கள் தாம்சன் ரிட்ஜ், கிரீன் ரிட்ஜ், செமட்ரி ரிட்ஜ். அவற்றுக்கு முன்னால் ஈயம் தோண்டி வெளுத்த நிலம், மரமில்லாத வெட்டவெளி. ரப்பர்க் காடும் அடர்காடுமாகக் கிடந்த மலாயாவில் இப்படித் தூரம் வரை பார்வை எட்டும் இடம் கிடைப்பது அபூர்வம். மேட்டின் மதிப்பு அந்த வெட்டவெளியில்தான் இருந்தது. முன்னால் ரப்பர்க் காடு இருந்திருந்தால் அதே முகடுகள் வெறும் ஏற்றம்.

ஜித்ராவிலும் அதற்குப் பிந்தைய பின்வாங்கலிலும் ஆள்களை இழந்திருந்த லெஸ்டர், ஈஸ்ட் சர்ரே படைப்பிரிவுகள் இரண்டையும் ஒன்றாக்கி 'பிரிட்டிஷ் பட்டாளம்' என்று பெயரிட்டு அங்கே நிறுத்தினார்கள். டிசம்பர் 30 தொடங்கி ஜனவரி 2 வரை ஜப்பானிய 5ஆவது டிவிஷனின் 41ஆவது ரெஜிமென்ட் முட்டி மோதியது. பின்னாலிருந்து 25 பவுண்டர் பீரங்கிகள் வெளியைத் துழாவித் தள்ளின. நேராக வந்தவர்களால் முகடுகளை அடைய முடியவில்லை. ஜப்பானியர் மலைப்பக்கத்துக் காட்டுச்சரிவு வழியாக ஊடுருவி வந்து தாம்சன் ரிட்ஜின் ஒரு பகுதியைப் பிடித்தார்கள். ஜனவரி 2இல் 1/8 பஞ்சாப் படையின் ஒரு கம்பெனி, கேப்டன் ஜான் கிரகாம் தலைமையில், துப்பாக்கிக் கத்தியோடு பாய்ந்து அதை மீட்டது. மோர்ட்டார் குண்டில் கால்கள் சிதைந்த பிறகும் கிரகாம் ஆள்களை ஏவிக்கொண்டே இருந்தார் என்று போர் வரலாறுகள் எழுதுகின்றன. பிழைக்கவில்லை.

கேஎல் சென்ட்ரலில் ஈடிஎஸ் ரயில் ஏறினால் கம்பார் இரண்டு மணி நேரச் சொச்சம். பின்னாளில் நானும் அண்ணனும் போனோம். கிரீன் ரிட்ஜில் பதுங்குகுழிகளின் தடம் இன்னும் இருக்கிறது. சுற்றிலும் வீடுகள், மரங்கள். 1942இன் பார்வை இன்று கிடைக்காது. அண்ணன் பதுங்குகுழி ஒன்றின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து சில எட்டு பின்னால் போய் முகட்டின் உச்சியில் நின்று, அங்கிருந்து குழியைக் காட்டினார். குழி உச்சியில் வெட்டப்படவில்லை. முன்சரிவில் கொஞ்சம் இறங்கி, அடிவாரம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தது. உச்சியில் நின்றால் வானத்துக்கு எதிரே ஆள் கறுப்பாகத் தெரிவான்; அடிவாரமும் மறைந்துபோகும். "பார்த்தியா தம்பி, வெட்டினவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். எங்கள் மேசையில் எல்லாரும் படையை மேல்தட்டின் நட்டநடுவில்தான் வைப்போம்.

மேசையில் கம்பாரை ஆடியபோது வாத்தியாரின் விதி செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். காட்டுமலையிலிருந்து இறங்கி வந்த ஜப்பானியப் படை தாம்சன் ரிட்ஜைவிட உயரத்தில் நின்றது. ஆகவே ஒரு புள்ளி அவர்களுக்கு. இலை தவிர எதுவும் தெரியாத சரிவில், கொடி பிடித்து இறங்கி, பீரங்கி எதையும் கூடக் கொண்டுவர முடியாமல் வந்தவர்களுக்கு உயரத்துக்கான பரிசு. அந்தக் காடு அவர்களுக்குக் கொடுத்தது மறைவை. உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் வாயடைத்து நான் பார்த்தது அன்றுதான்.

சீன நண்பர் லிவர்பூல் ரசிகர். மாமாக் கடையில் ஆட்டம் பார்க்கும்போது 'கோப்' 'கோப்' என்று கத்துவார். லிவர்பூல் மைதானத்து அரங்கின் அந்தப் பெயர் தென்னாப்பிரிக்க மலை ஒன்றின் பெயரிலிருந்து வந்தது என்று சொன்னதும், அடுத்த ஆட்டத்துக்கு ஸ்பியோன் கோப்பை அவரே அறுத்துக்கொண்டு வந்தார். 1900 ஜனவரி 23 இரவில் பிரிட்டிஷ் படை மூடுபனியில் அந்த மலையேறி உச்சியைப் பிடித்தது. பாறைத்தரையில் முழங்காலளவுக்குத்தான் பள்ளம் தோண்ட முடிந்தது. காலையில் பனி விலகியபோதுதான் தெரிந்தது, அவர்கள் பிடித்தது உண்மையான முகட்டை இல்லை. சரிவு கண்ணுக்குத் தெரியும் இடம் இன்னும் முன்னால் இருந்தது. பக்கத்துக் குன்றுகளில் போயர்கள் இருந்தார்கள். நாள் முழுதும் மூன்று பக்கத்திலிருந்தும் அடி. இருநூறுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் அந்த உச்சியில் மாண்டார்கள். எங்கள் விதியோ அவர்களுக்கு நாள் முழுதும் கூடுதல் புள்ளி கொடுத்தது.

அந்த மலையடிவாரத்தில் தமிழர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. காந்தி நேட்டாலில் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் 1,100 பேர். அவர்களில் ஏறக்குறைய 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்கு அப்படிப் போனவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்தார். காயம்பட்டவர்களை டோலியில் சுமந்து ஒரே நாளில் இருபது, இருபத்தைந்து மைல் நடந்ததாகக் காந்தி எழுதியிருக்கிறார். என் பாட்டனார் வேறு கப்பலில் ஏறியதால் நான் செமினியில் பிறந்தேன். எந்த விதிப் புத்தகமும் டோலி தூக்குபவனுக்குச் சரிவில் எத்தனை புள்ளி கழியும் என்று சொல்வதில்லை. மேசையில் விழுந்த பொம்மையை எடுத்துப் பெட்டியில் போட்டுவிடுகிறோம்.

கோலாலம்பூருக்கே சொந்தமான மலைப்போர் ஒன்று உண்டு. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 421 மீட்டர் கோபுரம் நிற்கும் புக்கிட் நானாஸ்தான் அது. சிலாங்கூர் உள்நாட்டுப் போரின்போது, 1872இல், ஒரு தரப்புத் தலைவர் தெங்கு குடினின் ஆள்கள் அந்தக் குன்றில் அரண் போட்டிருந்தார்கள். வான் ஹாகன் என்ற டச்சுக்காரரும் கவாலியேரி என்ற இத்தாலியரும் கூலிப்படைக்குத் தலைவர்கள். கீழே யாப் ஆ லோயின் ஈயச் சுரங்கப் பட்டணம். குன்றின் கண்ணுக்கு ஊரும் ஆற்றுக்கூடலும் தெரியும். மேட்டுக்குரிய சாதகம் எல்லாம் இருந்தது. எதிர்த்தரப்பின் சையது மஷ்ஹோரும் ராஜா அசாலும் மோதி ஏற முயன்று ரத்தம் சிந்துவதைவிட, சுற்றி வளைத்து வழியை அடைப்பதே மேல் என்று கண்டார்கள். உள்ளே இருந்தவர்கள் கடைசியில் கிள்ளானை நோக்கித் தப்பி ஓடினார்கள், பெட்டாலிங்கில் பிடிபட்டார்கள். தலைவர்கள் இருவரும் கொல்லப்பட்டார்கள். ஊர் எரிந்தது. தப்பிப் போன யாப் ஆ லோய் அடுத்த ஆண்டு பகாங் படையின் துணையோடுதான் திரும்பி வந்தார். அதற்கு முன்பே கிள்ளானில் இதே கதை நடந்திருந்தது. 1867இல் கோட்டையைப் பிடித்த ராஜா மஹாடி, 1870இல் முற்றுகையால் உணவு வழி அடைபட்டு வெளியேறினார். கோத்தா ராஜா மஹாடி என்று இன்றும் எங்கள் ஊரில் பழைய வாசல் ஒன்று நிற்கிறது. கார்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

வாத்தியார் இந்த இடத்தில்தான் பாரியை இழுத்தார். மூவேந்தர் முற்றியும் அவனுடைய பறம்பு மலை வீழாததற்குக் காரணம் அதன் உயரம் இல்லை என்று நம் புலவனுக்குத் தெரிந்திருந்தது. மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்று மலையே சோறு போட்டது, சுனையும் இருந்தது. "அப்போ புக்கிட் நானாஸுக்குச் சோத்துப் புள்ளி வைக்கணும்" என்றார். கேலியாகத்தான் சொன்னார். நாங்கள் எழுதிக்கொண்டோம்.

செஞ்சிக் கோட்டையையும் அந்தத் தாளில் சேர்த்தோம். தமிழ்நாடு போனபோது ராஜகிரி ஏறியிருக்கிறேன். முழங்கால் சொல்லும் அதன் உயரத்தை. முகலாயப் படை 1690இலிருந்து 1698 வரை அந்தக் கோட்டையைச் சுற்றிக் கிடந்தது. அதே கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. மலை அதே மலை. இருட்டில் உச்சிக்கு எதுவும் தெரியவில்லை. கீழே வாசல் உடைந்து கலவரமும் தொற்றிக்கொண்டது.

இப்படி எழுதி எழுதி எங்கள் வீட்டு விதி ஒரு தாளில் வந்து நின்றது. வாத்தியாரின் கட்டாயத்தால் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. மேடு முதலில் பார்வையைத் தரும்: முகட்டின் முன்னோரத்தில் நிற்பவனுக்கு எதிரே உள்ள தாழ்ந்த தடைகள் மறைக்காது, நடுமேட்டில் நிற்பவனுக்கு அடிவாரம் தெரியாது, முகட்டுக்குப் பின்னால் இருப்பவனை அவன்மேல் ஏறி வந்தால் ஒழிய யாரும் சுட முடியாது. இரவு, மூடுபனி, காடு, ரப்பர்த் தோட்டம் என்றால் இந்தச் சலுகை எல்லாம் போச்சு. அடுத்தது மூச்சு: ஒரே நகர்வில் ஒரு மட்டத்துக்கு மேல் ஏறியவனுக்கு ஒரு சிவப்பு வில்லை, வில்லை இருக்கும்வரை மோதலில் ஒன்று கழியும், ஒரு முறை சும்மா நின்றால் வில்லையை எடுத்துவிடலாம். இந்தக் கழிவு வந்த பிறகு மேலே நிற்பவனுக்குத் தனியாகக் கூட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. கீழ்நோக்கிச் சுடும் துப்பாக்கிக்குக் கூடுதல் கிடையாது. துள்ளுகுண்டுப் பீரங்கிக்குச் செங்குத்தான மேட்டில் ஒன்று குறைவு. நீண்ட ஆட்டமென்றால் தண்ணீரும் அரிசியும் மலைமேல் உண்டா என்று தொடங்கும் முன்பே கேட்டு எழுதிவிட வேண்டும்.

ஆட்டம் மெதுவாகும் என்று பயந்தோம். ஆகவில்லை. ஏறுபவர்கள் எங்கே நின்று மூச்சு வாங்குவது என்று யோசித்தார்கள், காப்பவர்கள் அந்த இடைவெளியில் இறங்கி அடிக்கலாமா என்று யோசித்தார்கள். பழைய விதியில் மேட்டைப் பிடித்தவனின் அடுத்த வேலை பகடை உருட்டுவதுதான். ஆடுபவனை யோசிக்க வைக்கிற விதி எனக்குப் போதும். நூற்றுக்கு நூறு உண்மையை மேசையில் கேட்பது பேராசை.

பாத்திரக் கடைக் கட்டடம் கைமாறிய பிறகு எங்கள் கூட்டம் கலைந்தது. வாத்தியார் காலமாகிவிட்டார். தாள் என்னிடம் இருக்கிறது. இப்போது என் மகன் கிள்ளான் வீட்டில் தன் நண்பர்களோடு அதை வைத்து ஆடுகிறான். எங்கள் காலத்தில் விட்டுப்போன ஒன்றை அவனிடம் சொல்லியிருக்கிறேன், இங்கும் சொல்லிவிடுகிறேன். கம்பார் முகடுகளை ஜப்பானியர் பிடிக்கவில்லை. கடல் வழியாகவும் பேராக் ஆற்று வழியாகவும் அவர்கள் தெலுக் அன்சன் பக்கம் இறங்கியதால், பின்வழி அடைபட்டுவிடும் என்று காவல்படை 1942 ஜனவரி 2 இரவில் தானே இறங்கிப் போனது. ஜனவரி 7இல் சிலிம் ரிவர் சாலையில் ஜப்பானிய டாங்கிகள் அதை நொறுக்கின. 11ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. ஆகவே கம்பாரை ஆட நினைப்பவர்கள் மேசையைத் தென்மேற்கே நீட்டுங்கள். இன்றைய தெலுக் இந்தானுக்கும் ஆற்றுக்கும் அதில் இடம் வையுங்கள். பாலிஸ்டிரின் அறுப்பது அதற்குப் பிறகு.